மனைவியின் மளிகைக் கணக்கு நோட்டு: எங்கள் வீட்டுக்குள் பாக்கெட் எப்போது வந்தது?

கேள்வி: ஓய்வுபெற்ற நடத்துனர், அருப்புக்கோட்டை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 66. பேருந்து நடத்துனராக முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்து 2017இல் ஓய்வு பெற்றேன். மனைவி 2022 ஆடி மாதம் இறந்துபோனாள். ஒரே மகள், திருமணமாகி ஓசூரில் இருக்கிறாள். நான் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன். அடுப்படிக்குள் நுழைந்ததே மனைவி போன பிறகுதான்.

என் அலமாரியில் இருப்பவற்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தெருக் கடையின் இட்லி மாவு, சாம்பார் பொடி, ரசப்பொடி, பாட்டில் புளிக்காய்ச்சல், வெந்நீர் ஊற்றி மூடிவைத்தால் ஆகிவிடும் திடீர் உப்புமா, அப்பளம், எலுமிச்சை ஊறுகாய். மூன்று ஆண்டுகளாக இவற்றால்தான் என் வயிறு நிறைகிறது. போன மாதம் ரத்த அழுத்தம் 160க்கு 100 என்று காட்டியது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பையும் பாக்கெட் சாமான்களையும் குறைக்கச் சொன்னார். மகள் தொலைபேசியில், "எல்லாவற்றையும் இன்றைக்கே தூக்கிப் போடுங்கள் அப்பா" என்கிறாள். அவள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட்டு நாளைக் காலையில் என்ன சாப்பிடுவது? எதை முதலில் விட வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம்? இது முதல் கேள்வி.

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும்.

பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது மனைவியின் மளிகைக் கணக்கு நோட்டுகள் கிடைத்தன. 1987 தை மாதம் தொடங்கி அவள் படுக்கையில் விழுந்த 2022 ஆனி வரை, மாதத்துக்கு ஒரு பக்கம். டிக்கெட் கணக்கு எழுதியே பழகிய கண் என்னுடையது. எந்த வரி எந்த மாதம் புதிதாக வந்தது, எந்த வரி எப்போது நின்றது என்று பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு வாரம் வேறு எதையும் படிக்கவில்லை.

1987இல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. உளுந்து 2 கிலோ, மல்லி 2 கிலோ, மிளகாய் வத்தல் ஒன்றரைக் கிலோ, விரலி மஞ்சள் 100 கிராம், மில் கூலி. சித்திரையில் மட்டும் ஜவ்வரிசி ஒரு கிலோ கூடுதலாக இருக்கும். கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் வேட்டி விரித்து வடகமும் கூழ்வத்தலும் போடுவார்கள். காக்கையை விரட்ட மகள் குடையோடு உட்கார்ந்திருப்பாள். 2011க்குப் பிறகு சித்திரைப் பக்கத்தில் ஜவ்வரிசி இல்லை. அந்த இடத்தில் "அப்பளம் பாக்கெட் 2" என்று இருக்கிறது.

1993 சித்திரையில் "கிரைண்டர் தவணை" என்று ஒரு வரி தொடங்கிப் பத்து மாதம் ஓடுகிறது. அப்போது என் அம்மா உயிரோடு இருந்தார். ஆட்டுக்கல் மாவின் குளிர்ச்சி இயந்திரத்தில் வராது, மாவு சூடேறிவிடும் என்று சொல்லி இரண்டு மாதம் அந்த இட்லியைத் தொடவே இல்லை. அவருக்காக மனைவி தனியாக ஒரு ஆழாக்கு ஊறப்போட்டு ஆட்டுக்கல்லில் ஆட்டினாள். இதை நான் மறந்தே போயிருந்தேன்.

1998 ஐப்பசியில் "மிளகாய்ப்பொடி பாக்கெட் 100, மழை" என்று எழுதியிருக்கிறாள். அந்த ஆண்டு வத்தல் காயவில்லை. ஈர வத்தலை மில்லில் அரைக்க மாட்டார்கள். அடுத்த நான்கு ஆண்டுகளும் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும்தான் பாக்கெட் பொடி. தை வெயில் வந்ததும் மறுபடி வத்தலும் மில் கூலியும். 2003இலிருந்து எல்லா மாதமும் பாக்கெட். மில் கூலி கடைசியாக எழுதப்பட்டது 2004 பங்குனியில். எங்கள் தெரு மில் இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை இருக்கிறது.

மேகி நூடுல்ஸ் இந்தியாவுக்கு வந்தது 1983இல். எங்கள் வீட்டுக்கு வர அது இருபது ஆண்டு எடுத்துக்கொண்டது. 2003 மாசியில், மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்தபோது, "நூடுல்ஸ் 4" என்று வருகிறது. டியூஷன் முடிந்து அவள் வீடு திரும்ப இரவு எட்டரை ஆகும். மாலை ஷிப்ட் முடித்து நான் வரப் பதினொன்று. மனைவி இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பரிமாறியிருக்கிறாள். மகள் கல்லூரி விடுதிக்குப் போன மாதத்தோடு அந்த வரி நின்றுவிட்டது. 2015 ஜூனில் நூடுல்ஸைத் திரும்பப் பெற வேண்டும் என்று உத்தரவு வந்து ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்ததே, அந்த மாதப் பக்கத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

இப்போது சொல்லப்போவதுதான் என்னை எழுத வைத்தது.

2009 புரட்டாசி. "மாவு பாக்கெட் 1 கிலோ 20 ரூ. கை வலி." அடுத்த மாதம் மாவு பாக்கெட் ஐந்து, உளுந்து அரைக் கிலோவாக இறங்குகிறது. கார்த்திகையில் ஆறு. மார்கழியில் ஒன்றுகூட இல்லை, உளுந்து மறுபடி 2 கிலோ. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். கார்த்திகையில் ஒரு விடியற்காலை, முதல் வண்டிக்குக் கிளம்பும் அவசரத்தில், "கடை மாவில் சுட்டதை இட்லி என்று வைக்கிறாயா?" என்று கேட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போனேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மார்கழி முதல் 2013 ஆவணி வரை நாற்பத்தைந்து மாதம் கணக்கில் மாவு பாக்கெட்டே கிடையாது. அந்த நாற்பத்தைந்தில் முப்பத்தொரு மாதம் "தைலம்" என்று ஒரு வரி இருக்கிறது. மூன்று தடவை எண்ணினேன்.

2013 புரட்டாசியில் அரசு கொடுத்த விலையில்லா மேசை கிரைண்டர் வந்தது. அதன் கல்லை அவளால் தூக்கிக் கழுவ முடிந்தது. தைலம் எப்போதாவது ஒரு தடவை என்று குறைகிறது. 2018இல் மாவு பாக்கெட் திரும்ப வந்தபோது நான் வேலையை விட்டு வீட்டில் இருந்தேன். அப்போது நான் எதுவும் சொல்லவில்லை.

அதனால் என் இரண்டாவது கேள்வி இது. உங்கள் வீடுகளில் இந்தப் பொருள்கள் எந்த ஆண்டு, யாருக்காக, எந்தக் காரணத்தால் நுழைந்தன? விளம்பரத்தைப் பார்த்து வாங்கினோம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த நோட்டில் காரணம் என்று எழுதியிருப்பவை மழை, தேர்வு, கை வலி.

---

பதில் 1: உணவுத் தொழில்நுட்ப ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, வணக்கம். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இரண்டாவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் வருவார்கள்.

நீங்கள் எழுதிய ஏழு பொருள்களும் பாக்கெட்டில் வருகின்றன என்பதைத் தவிர அவற்றுக்குள் பெரிய உறவு இல்லை. மல்லிப்பொடி என்பது அரைத்த மல்லி. மாவு என்பது அரைத்த அரிசியும் உளுந்தும். ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் உப்பு, எண்ணெய், புளிப்பு ஆகியவற்றின் பலத்தில்தான் மாதக்கணக்கில் கெடாமல் நிற்கின்றன. உப்பைக் குறைத்தால் அவை கெட்டுவிடும். எனவே ரத்த அழுத்தக்காரர் முதலில் கைவிட வேண்டியவை அவையே. அவற்றோடு அப்பளம். அதில் உப்பு மட்டும் இல்லை, அப்பளக்காரமும் இருக்கிறது, அதுவும் சோடியம்தான். திடீர் இட்லி, திடீர் ரவா இட்லிக் கலவைகளில் ஆப்பசோடா இருக்கும். நாக்கில் உப்பாகத் தெரியாது, ஆனால் சோடியக் கணக்கில் சேரும்.

பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். சேர்மானங்களை எடையில் கூடியதை முதலிலும் குறைந்ததைக் கடைசியிலும் எழுத வேண்டும் என்பது விதி. சாம்பார் பொடியில் மல்லி, மிளகாய், பருப்பு என்று போய் உப்பு நான்காவதாக வந்துவிட்டால் அதை வைத்துவிட்டு, உப்பே சேர்க்காத வேறொன்றை எடுங்கள். அப்படியும் கடையில் கிடைக்கிறது. வெறும் மல்லிப்பொடி, மிளகாய்ப்பொடி, மஞ்சள்பொடி ஆகியவற்றில் உப்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

அடுத்து, ஊட்டச்சத்து அட்டவணையில் "சோடியம்" என்ற வரி. 400 மில்லிகிராம் சோடியம் ஏறத்தாழ 1 கிராம் உப்புக்குச் சமம். பெரியவர்களுக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது ஒரு சிறு தேக்கரண்டிகூட முழுதாக வராது. இந்த அளவில் நீங்கள் குழம்பில் போடும் உப்பும் அடக்கம். அட்டவணை 100 கிராமுக்குப் போடப்பட்டிருக்கும். உங்கள் தட்டில் விழுவது எத்தனை கிராம் என்று சமையலறைத் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். நான் வகுப்பில் மாணவர்களை இதைச் செய்ய வைப்பேன். திடீர் உப்புமாவும் நூடுல்ஸும் நிறுத்து முடித்த அன்று வகுப்பறையே அமைதியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பதை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளோடும், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும், அது ஆகாது.

மாவைப் பற்றி: அதை விட வேண்டிய அவசியமே இல்லை. உளுந்திலேயே லியூகோனோஸ்டாக் என்ற நுண்ணுயிர் இயல்பாக இருக்கிறது. மாவைப் புளிக்கவைத்துப் பொங்கவைப்பதில் பெரும்பங்கு அதற்கு உண்டு. உளுந்தின் வழவழப்பு அந்தக் காற்றைப் பிடித்துவைப்பதால்தான் இட்லி பஞ்சாகிறது. குளிரில் இந்த வேலை மெதுவாகிவிடும். ஆகவே பாக்கெட்டை வாங்கி வந்ததும் எல்லாவற்றையும் வெளியில் வைக்காதீர்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் ஒரு பாத்திரத்தில் எடுத்துவைத்துவிட்டு மற்றதைக் குளிர்பெட்டியில் விட்டுவிடுங்கள். ஒரே மாவை வெளியே எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தால் மூன்றாம் நாள் புளிப்பு நாக்கைக் கூசவைக்கும். கடையில் உப்புப் போட்ட மாவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேதியும் உரிம எண்ணும் அச்சிட்ட மாவை வாங்குவதே பாதுகாப்பு. பெயரே இல்லாத பாலித்தீன் பை மாவை நான் ஏற்கமாட்டேன்.

---

பதில் 2: மாவுக்கடை, சிங்காநல்லூர்

அண்ணா, நான் கோவையில் மாவு அரைத்து விற்கிறவள். பதின்மூன்று ஆண்டுகளாக இதுதான் பிழைப்பு. அதற்கு முன் நூற்பாலையில் இருந்தேன்.

ஆசிரியர் ஐயா சொன்னதில் கடைசி வரியை மட்டும் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. என் மாவும் முதல் இரண்டு ஆண்டு பெயரில்லாத பையில்தான் போனது. பிறகு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தேன். அப்போது சிறு கடைக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். இப்போது பதினான்கு இலக்க எண் ஒட்டித்தான் விற்கிறேன். எண் இருப்பது நல்லது, நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மாவு நன்றாக இருக்கிறதா என்பதை எண் சொல்லாது. அரைக்கிற இடத்தைப் போய்ப் பாருங்கள் அண்ணா. உங்கள் தெருவில்தானே இருக்கிறது? கிரைண்டர் ஓடுகிற நேரத்தில் போங்கள். குடிநீரில் ஊறவைக்கிறார்களா, கல்லை அன்றன்றைக்குக் கழுவுகிறார்களா, நேற்றைய மாவை இன்றையதில் கலக்கிறார்களா, இவற்றைக் கண்ணால் பாருங்கள். நல்ல கடைக்காரர் மறைக்கமாட்டார்.

எங்கள் தொழிலில் நடக்கும் கள்ளத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். உளுந்து விலை ஏறினால் சிலர் உளுந்தைக் குறைத்து, பொங்குவதற்கு ஆப்பசோடா போடுவார்கள். சிலர் தண்ணீரைக் கூட்டுவார்கள். ஒரு கிலோ அரிசியும் உளுந்தும் என்றால் எனக்கு இரண்டேகால் கிலோ மாவு வரும். அதற்கு மேல் வருவதெல்லாம் தண்ணீர்தான். கரண்டியில் எடுத்து விட்டுப் பாருங்கள். பொத்தென்று விழ வேண்டும். ஓடினால் அது தோசைக்குத்தான் ஆகும், இட்லிக்கு ஆகாது. இட்லி வெந்து ஆறிய பிறகு மஞ்சள் பூத்தால் சோடா போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

உங்கள் அம்மா கிரைண்டர் மாவைத் தொடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊர்க்காரர் பி. சபாபதி என்பவர்தான் 1955இல் முதல் கிரைண்டரைச் செய்தவர். இன்றைக்குக் கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆனால் என் பாட்டியும் உங்கள் அம்மா சொன்னதைத்தான் சொன்னார். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. நீண்ட நேரம் ஓடினால் கல் சூடேறும், உளுந்து சரியாகப் பொங்காது. அதனால் நான் உளுந்துக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் தெளிப்பேன், அதுவும் ஒரேயடியாக ஊற்றாமல் கைக்குக் கை. பாட்டி குறைசொன்னதால் பழகிக்கொண்டது அது.

யாருக்காக வந்தது என்று கேட்டீர்களே. நான் கடை போட்ட புதிதில் வந்தவர்கள் கைக்குழந்தைக்காரிகள், ஷிப்ட் போகிற பெண்கள், அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள். மாலை ஐந்து முதல் எட்டு வரை நிற்க இடம் இருக்காது. இப்போது காலை பத்து மணிக்கு ஒரு கூட்டம் வருகிறது. எல்லாம் உங்கள் வயது ஆண்கள். அரைக் கிலோ கேட்பார்கள். மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்பார்கள், அல்லது ஒன்றும் சொல்லமாட்டார்கள். அவர்களுக்காகவே அரைக் கிலோ பை போட ஆரம்பித்தேன்.

அந்தத் தைலக் கணக்கைப் படித்துவிட்டு எனக்கு அன்று வேலையே ஓடவில்லை அண்ணா. என் தோள்பட்டையும் அப்படித்தான் இருக்கிறது. என்னிடம் ஒரு அக்கா எட்டு ஆண்டுகளாக மாவு வாங்குகிறார். வீட்டுக்குப் போனதும் பையைக் குப்பையில் போட்டு மறைத்துவிட்டு, எவர்சில்வர் தூக்கில் மாற்றி வைப்பார். மாமியாருக்குத் தெரியக் கூடாதாம். நானே ஒரு நாள், தூக்கைக் கொண்டுவந்துவிடுங்கள், நேராக அதிலேயே ஊற்றித் தருகிறேன் என்று சொன்னேன்.

---

பதில் 3: இரவுப்பணிச் செவிலியர், சென்னை

ஐயா, சுருக்கமாக எழுதுகிறேன், பணிக்குக் கிளம்ப வேண்டும்.

நான் வாரத்தில் நான்கு நாள் இரவு வேலை பார்க்கிறேன். காலை எட்டரைக்கு அறைக்கு வந்து மாவு பாக்கெட்டைப் பிரித்து இரண்டு தோசை சுட்டுச் சாப்பிட்டுத் தூங்குகிறேன். அது இல்லாவிட்டால் பிஸ்கட்டும் தேநீரும்தான். இதில் எனக்கு எந்தக் குற்றவுணர்வும் இல்லை. வீட்டில் என் அப்பா இன்னும் அம்மாவிடம் "கடை மாவா?" என்று கேட்கிறார். உங்கள் பதிவை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டார் என்று தெரிகிறது. பதில் வரவில்லை.

ஒரு செய்தி. ரத்த அழுத்தத்தை ஒரே நாள் பார்த்துவிட்டு விடாதீர்கள். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு, ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். மருத்துவருக்கு அது மிகவும் உதவும். நோட்டில் எழுதுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திடீரென்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உப்பைக் குறைத்துவிட்டோமே, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

---

பதில் 4: யாழ்ப்பாணத்தாள், ஸ்காபரோ, கனடா

ஐயா, எங்கள் வீட்டில் கணக்கு நோட்டு இல்லை. இருந்ததெல்லாம் 1995 போர்க்கால இடப்பெயர்வோடு போய்விட்டது. நினைவில் இருப்பதை எழுதுகிறேன்.

ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலிருந்து சனம் முழுவதும் நாவற்குழிப் பக்கம் நடந்தபோது அம்மா ஒரு உரப்பையில் மூன்று பொருள் கட்டினார். வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஒரு போத்தல், ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா), அவித்து அரித்த கோதுமை மா. கொதிதண்ணீர் மட்டும் கிடைத்தால் போதும், அந்த அவித்த மாவைக் குழைத்துப் புட்டோ இடியப்பமோ அவித்துவிடலாம். வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கிய இரண்டாம் நாள் அம்மா அப்படித்தான் பதினொரு பேருக்குச் சாப்பாடு கொடுத்தார். அதற்கு முந்தைய பொருளாதாரத் தடைக்காலத்திலும் மா, தூள் என்று முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருக்கும் வீடுதான் தாக்குப்பிடித்தது. உங்கள் மனைவியின் வடகத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது. வெயில் நாளில் செய்து வைத்து, அடுப்பு மூட்ட நேரமில்லாத நாளில் எடுத்துக்கொள்வது என்பது பாக்கெட்டுக்கு முன்பே எங்கள் பெண்கள் செய்துவந்த வேலை.

கோதுமை மாவுக்கு எங்கள் ஊரில் "அமெரிக்கன் மா" என்றுதான் பெயர். அம்மம்மா அரிசி மா இடித்தவர். கப்பலில் வந்த மாவைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் உங்கள் அம்மா கிரைண்டரைப் பற்றிச் சொன்னதைவிடக் கடுமையானது. எனக்கோ அந்த மாவில் அவித்த புட்டுத்தான் அம்மாவின் புட்டு.

இங்கே வந்த முதல் குளிர்காலம், 1999. வெளியில் பனி. சமையலறையில் மிளகாய் வறுக்கத் தொடங்கியதும் அடுக்குமாடி முழுவதும் இருமல். புகை அறிவிப்பு மணி அடித்துத் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. அதன் பிறகு நான் ஒரு நாளும் வறுக்கவில்லை. தமிழ்க் கடையில் யாழ்ப்பாணக் கறித்தூள் பாக்கெட்டில் வருகிறது. பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் மணக்க நன்றாகக் கறுக்க வறுத்த தூள். அவித்த மாவும் பாக்கெட்டில் இருக்கிறது. இங்கே பிறந்த என் மகன் பல்கலைக்கழக விடுதியில் அந்தத் தூளைப் போட்டு முட்டைக் குழம்பு வைக்கிறான். பாக்கெட் இல்லையென்றால் அவனுக்கு அந்தச் சுவை தெரிந்தே இருக்காது. ஆகவே எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்லும் உங்கள் மகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஊறுகாயை விடுங்கள் ஐயா. என் கணவருக்கும் அதே வருத்தம்தான், ரத்த அழுத்தம். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டால் உப்புக் குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது.

---

கேள்வி கேட்டவர்: ஓய்வுபெற்ற நடத்துனர், அருப்புக்கோட்டை

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

ஆசிரியர் சொன்னபடி தராசு வாங்கினேன். திடீர் உப்புமா ஒரு டம்ளரில் சோடியம் 780 மில்லிகிராம் என்று வந்தது. ஏறக்குறைய 2 கிராம் உப்பு. அதற்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் வேறு. காலை ஒன்பது மணிக்குள் நாளின் பாதிக் கணக்கை நான் முடித்திருக்கிறேன். அப்பளம், ஊறுகாய், புளிக்காய்ச்சல், திடீர் உப்புமா நான்கையும் நிறுத்திவிட்டேன். ரவையை வறுத்து உப்புமா கிளறுவது பதினைந்து நிமிட வேலைதான். மூன்றாம் நாள் கட்டி விழாமல் வந்தது. சாம்பார் பொடியை மாற்றினேன். என்னிடம் இருந்ததில் உப்பு ஐந்தாவது இடத்தில் இருந்தது. புதியதில் இல்லை. செவிலியர் அம்மா சொன்னபடி காலையும் இரவும் அளந்து எழுதுகிறேன். நேற்றிரவு 148க்கு 92. மாத்திரையை நிறுத்தவில்லை.

சிங்காநல்லூர் அம்மா சொன்னார்கள் என்று எங்கள் தெரு மாவுக்கடைக்குப் பகல் இரண்டு மணிக்குப் போனேன். அண்ணாச்சியும் அவர் மனைவியும் அரைத்துக்கொண்டிருந்தார்கள். இடம் சுத்தமாக இருந்தது. நான் ஏன் வந்தேன் என்று அவர்கள் கேட்கவில்லை. "உங்கள் வீட்டு அம்மா இந்த இடத்தில் நின்றுதான் பேசிக்கொண்டிருப்பார்கள், வாங்கிய உடனே போகமாட்டார்கள்" என்று அண்ணாச்சியின் மனைவி சொன்னார். எனக்கு அது தெரியாது. என்ன பேசுவாள் என்று கேட்டேன். "பஸ் வரும் நேரத்தைத்தான் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஐயா வண்டி இப்போது எந்த ஊர் தாண்டியிருக்கும் என்று சொல்வார்கள்" என்றார்.

மகளிடம் நோட்டைப் பற்றிச் சொன்னேன். 2003 மாசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். நூடுல்ஸை அம்மா ஒரு நாளும் தனியாகக் கொடுத்ததில்லை, கேரட்டும் பீன்ஸும் பொடியாக நறுக்கிப் போட்டு, அந்த மசாலாப் பொட்டலத்தில் பாதியை எடுத்துவைத்துவிடுவாள் என்று அவள் சொன்னாள். பாதிதான் போடுவாள். யாரும் அவளுக்குச் சோடியக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

அடுத்த சனிக்கிழமை மகள் வருகிறாள். மேசை கிரைண்டரைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவி ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது. ஞாயிறு காலைக்கு நானே ஆட்டிச் சுடலாம் என்று நினைக்கிறேன். அரிசி நான்கு பங்குக்கு உளுந்து ஒரு பங்கு என்று நோட்டின் அட்டையில் எழுதியிருக்கிறாள். வெந்தயம் என்றும் எழுதியிருக்கிறாள், ஆனால் அளவு இல்லை. வெந்தயத்தை உளுந்தோடு ஊறப்போடுவதா, தனியாகவா? எத்தனை மணி நேரம்?

---

மாவுக்கடை, சிங்காநல்லூர்

உளுந்தோடு சேர்த்தே போடுங்கள் அண்ணா. ஒரு டம்ளர் உளுந்துக்கு ஒரு சிறு தேக்கரண்டி வெந்தயம். அரிசி தனிப் பாத்திரத்தில். இரண்டும் நான்கு மணி நேரம் ஊற வேண்டும். உளுந்தை முதலில் அரையுங்கள், அரை மணி நேரம், தண்ணீரைத் தெளித்துத் தெளித்து. அரிசி கொஞ்சம் கொரகொரவென்றே இருக்கட்டும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் கரைத்து வைத்துவிடுங்கள். கையால் கரையுங்கள், கரண்டி வேண்டாம். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், உங்கள் ஊர் வெயிலுக்குப் பொங்கி வழிந்துவிடும்.